தவுதா: புகுந்த வீடும் தேசமும்

செஸ் ஆடுபவர்களிடம் ரீகா என்று சொன்னால் உடனே வரும் பெயர் மிகைல் தால். 1936-ல் ரீகாவில் பிறந்தவர். 1960-ல் உலக சாம்பியன். 'ரீகாவின் மந்திரவாதி' என்றே பட்டப்பெயர். யூதக் குடும்பத்துப் பிள்ளை. பேசியதும் எழுதியதும் ரஷ்ய மொழி. ஆடியது சோவியத் ஒன்றியத்துக்காக. 1992-ல் மாஸ்கோவில் இறந்தபோது அந்த ஒன்றியமே இல்லை. அவரைப் புதைத்தது ரீகாவில். தாலின் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நண்பன் கேட்டான்: "அப்போ இவர் ரஷ்யரா, லாட்வியரா?"

சாதாரணக் கேள்விதான். ஆனா பதில் தேடப் போனவன் ஆறு மாசமா அந்தச் சின்ன நாட்டுக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கேன்.

லாட்விய மொழியில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. 'லாத்வியேஷு தவுதா' என்றால் லாட்விய இனத்து மக்கள்; லாட்விய மொழியில் பிறந்து வளர்ந்தவர்கள். 'லாத்வியாஸ் தவுதா' என்றால் லாட்வியா என்ற நாட்டின் மக்கள். அந்த மண்ணில் யார் யாரெல்லாம் இருக்கிறார்களோ அத்தனை பேரும். தமிழில் சொன்னால் 'லாட்விய மக்கள்', 'லாட்வியாவின் மக்கள்'. நடுவில் ஒரு வேற்றுமை உருபுதான் இருக்கிறது. 1922-ல் எழுதப்பட்ட அவர்களுடைய அரசியல் சாசனம், நாட்டின் இறைமை யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் இரண்டாவது பிரிவில், இரண்டாவது சொற்றொடரைத்தான் எடுத்துக்கொண்டது. அந்த உருபை வைத்துக்கொண்டு லாட்வியா நூறு வருஷமாக என்ன பாடுபட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை. பாட்டுத் தொகுப்பு, காவியம், நாடகம், சாசனம் என்று அவர்களுடைய தேசியப் பிரதிகளை மொழிபெயர்ப்பில் அடுத்தடுத்துப் படித்தபோது, இலக்கியமாகவே எனக்கு உயர்வாகப் பட்டது சாசனம். ஏன் என்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஊரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பால்டிக் கடலோரம். எஸ்டோனியாவுக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே. மக்கள்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. 1201-ல் பிஷப் ஆல்பெர்ட் ரீகாவை நிறுவினார்; சிலுவைப்போர் வீரர்கள் வந்தார்கள்; நிலம் ஜெர்மன் பிரபுக்கள் கைக்குப் போனது. அப்புறம் போலந்து, ஸ்வீடன், ரஷ்யா என்று மேலே இருந்த அரசு மாறிக்கொண்டே இருந்தது. பண்ணைவீட்டில் இருந்த ஜெர்மன் எஜமானன் மட்டும் மாறவில்லை. பண்ணையடிமை முறை கூர்லாந்தில் 1817-லும் வித்செமெயில் 1819-லும் கிழக்கே லத்காலெயில் 1861-லும்தான் ஒழிந்தது. ஒழிந்த பிறகும் நிலம் எஜமானிடமே இருந்தது.

இந்தச் சூழலில் 'லாட்வியன்' என்பது ஒரு தேசத்தின் பெயராக இல்லை, ஒரு வேலையின் பெயராக இருந்தது. உழுபவன் லாட்வியன். படித்து மேலே வந்துவிட்டால் ஜெர்மன் பேசி ஜெர்மானியனாகிவிடுவான், படித்த லாட்வியன் என்பதே முரண் என்கிற மாதிரி. 1850-களில் தார்த்து பல்கலைக்கழகத்தில் படித்த கிரிஷ்யானிஸ் வால்டெமார்ஸ் என்ற மாணவர் தன் அறைக் கதவில் இருந்த பெயர் அட்டையில் 'லாட்வியன்' என்று எழுதி வைத்தார் என்பார்கள். அங்கே அது கலகம். அவரைச் சுற்றிச் சேர்ந்தவர்களுக்கு 'இளம் லாட்வியர்கள்' என்று பெயர் வந்தது. மொழியில் சொற்கள் போதவில்லை என்று உட்கார்ந்து சொல் செய்தார்கள். 'வரலாறு' என்பதற்கு இன்று அவர்கள் சொல்லும் 'வேஸ்துரே'கூட அத்திஸ் க்ரோன்வால்ட்ஸ் அந்தக் காலத்தில் செய்ததுதான். வரலாறு என்ற சொல்லையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்த ஜனங்கள்.

அவர்களிடம் ராஜா கதை இல்லை. சொந்த மொழியில் பழைய அரசவை இலக்கியம் இல்லை. பாட்டு இருந்தது. 'தைனா' என்று பெயர். பெரும்பாலும் நாலே வரி. 1760-களில் ரீகாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜெர்மானியர் ஹெர்டருக்கு அது காதில் விழுந்தது. பிற்பாடு பல நாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தபோது லாட்வியப் பாடல்களையும் சேர்த்தார். அதற்கு நூறு வருஷம் கழித்து, மாஸ்கோவில் வீட்டு ஆசிரியராகப் பிழைத்துக்கொண்டிருந்த கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் கையில் இந்த வேலை வந்து சேர்ந்தது. நாடு முழுக்க இருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் விவசாயிகளும் பாடல்களை எழுதி அனுப்பினார்கள். ஒவ்வொரு பாடலையும் ஒரு விரல் அகலச் சீட்டில் எழுதி அடுக்கினார் பாரோன்ஸ். சீட்டுகள் பெருகியதும் 1880-ல் ஓர் அலமாரி செய்யச் சொன்னார். எழுபதுக்கு மேல் இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்ன அறைகள். 1894-லிருந்து 1915 வரை அச்சாகிய தொகுப்பில் இருப்பவை 2,17,996 பாடல்கள். அந்த அலமாரி இப்போது ரீகா தேசிய நூலகத்தில் இருக்கிறது. அவர்களுடைய பழைய நாணயமான லாட்டின் நூறு லாட் நோட்டில் இருந்தது இந்த மனிதரின் தாடி வைத்த முகம்தான்.

எண்ணிக்கையைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் அடுக்கிய முறை. போர், மன்னர், காலம் என்று எந்த வரிசையும் இல்லை. பிறப்பு, தாலாட்டு, பிள்ளைப் பருவம், வேலை, கல்யாணம், முதுமை, சாவு என்று ஒரு மனித ஆயுளின் வரிசை. கொச்சையான பாடல்களையும் தூக்கிப் போடவில்லை, கடைசியில் தனியாக வைத்தார். ஒரு தேசத்தின் மூலநூலில் ஒரு வீரன்கூட இல்லை என்பது யோசித்துப் பார்த்தால் விநோதம்தான். இருப்பவர்கள் மாடு மேய்க்கும் பெண், மாவரைக்கும் பெண், தாய் தகப்பன் இல்லாத பெண். அநாதைப் பெண் திரும்பத் திரும்ப வருகிறாள். அவளுக்குச் சூரியன்தான் அம்மா. லாட்விய மொழியில் சூரியன் பெண்பால். பாடியவர்களும் பெரும்பாலும் பெண்கள்.

இங்கதான் அந்தச் சொல் வருது. தவுதா.

இன்றைய லாட்விய மொழியில் 'தவுதா' என்றால் மக்கள், தேசம். ஆனால் தைனாக்களில் அந்தச் சொல் வரும் இடம் கல்யாணம். அங்கே 'தவுதாஸ்' என்றால் வேற்று ஆட்கள், பெண் கேட்டு வருகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டார். 'தவுதாவின் மகன்' என்றால் மணமகன். 'தவுதாவுக்குப் போவது' என்றால் கல்யாணமாகிப் போவது. நம் பேச்சில் அப்படியே சொல்லிவிடலாம், புகுந்த வீடு. ஒரு பெண் தன் ஆட்களை விட்டு, பழக்கமில்லாத ஆட்களிடம் போய், அவர்களையே தன் ஆட்களாக்கிக்கொள்ள வேண்டிய இடம். அதைப் பற்றிய பயம், கேலி, ஆத்திரம், ஆசை எல்லாம் ஆயிரக்கணக்கான பாடல்களில் இருக்கிறது. கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் எதிரெதிராக நின்று ஒருவரை ஒருவர் பாட்டிலேயே கிழிப்பார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் குதிரையைத் திட்டுவார்கள், அவர்கள் இவர்கள் வீட்டுச் சோற்றைத் திட்டுவார்கள். கடைசியில் சமாதானப் பாட்டு, விருந்து.

19-ஆம் நூற்றாண்டில் தேசத்துக்குச் சொல் தேவைப்பட்டபோது இந்தச் சொல்தான் மேலே வந்தது. இன்னொரு வேடிக்கை: ஜெர்மானியர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் 'டாய்ச்' என்ற சொல்லும் இதே பழைய வேரிலிருந்து வந்ததுதான் என்கிறார்கள் மொழியியலாளர்கள். எஜமானனின் பெயரும் பண்ணையாளின் தேசமும் ஒரே வேர்.

பாட்டு இருந்தும் அன்றைய படித்தவர்களுக்குத் திருப்தி இல்லை. பின்லாந்துக்குக் கலேவலா வந்துவிட்டது, எஸ்டோனியாவுக்குக் கலேவிப்போயெக் வந்துவிட்டது, நமக்கு எங்கே காவியம்? ரஷ்ய ராணுவ அதிகாரியாக இருந்த அந்த்ரெய்ஸ் பும்புர்ஸ் 1888-ல் 'லாச்பிளேசிஸ்' எழுதினார். பெயருக்குக் கரடியைக் கிழித்தவன் என்று பொருள். கரடிக் காது கொண்ட வீரன். பலம் முழுக்க அந்தக் காதுகளில். கங்கார்ஸ் என்ற துரோகி அந்த ரகசியத்தை எதிரிக்குச் சொல்லிவிடுகிறான். கறுப்பு மாவீரன் காதுகளை வெட்டுகிறான். இருவரும் கட்டிப் புரண்டு தௌகவா ஆற்றில் விழுகிறார்கள். ஒருநாள் வெல்வான், அன்று நாடு விடுதலையாகும்.

காவியமாக இது சுமார்தான். பல இடங்களில் கலேவலாவைப் பார்த்து எழுதிய பரீட்சைத்தாள் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் காது, அது பெரிய கற்பனை. பாட்டைத் தவிர வேறு சொத்தில்லாத ஜனங்களின் வீரனுக்கு பலம் கேட்கும் உறுப்பில் இருக்கிறது! பும்புர்ஸ் இதை அறிந்து செய்தாரா, நாட்டார் கதையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டாரா என்பது எனக்கு முக்கியமில்லை.

முக்கியம் வேறொன்று. பாட்டில் அந்நியன் என்றால் நீ யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாயோ, யாரைக் கல்யாணப் பந்தலில் திட்டிவிட்டு யாரோடு காலம் முழுக்கக் குடித்தனம் நடத்தப் போகிறாயோ அவன். காவியத்தில் அந்நியன் என்றால் நீயும் அவனும் ஆற்றில் விழும்வரை மல்லுக்கட்ட வேண்டியவன். லாட்வியா என்ற தேசம் இந்த இரண்டு அந்நியர்களையும் ஒரே நேரத்தில் சுமந்துகொண்டு பிறந்தது.

இந்தப் பிளவை முதலில் புரிந்துகொண்டவர் ரைனிஸ் என்று நினைக்கிறேன். 'நெருப்பும் இரவும்' நாடகத்தில் அதே கதையை எடுத்து அதன் எடையை மாற்றி வைத்தார். பும்புர்ஸிடம் சூனியக்காரியாக இருந்த ஸ்பீடோலா, ரைனிஸிடம் நாடகத்தின் மையமாகிவிடுகிறாள். மாறிக்கொண்டே இரு, இல்லையென்றால் செத்துப்போவாய் என்பதுதான் அவள் வீரனுக்குச் சொல்வது. 1911-ல் ரீகாவில் நாடகம் மேடையேறியபோது ஆசிரியர் ஊரில் இல்லை. 1905 புரட்சி தோற்றதும் அவரும் மனைவி அஸ்பாஸியாவும் சுவிட்சர்லாந்துக்குத் தப்பியிருந்தார்கள். அஸ்பாஸியா அவரைவிட முன்பே புகழ்பெற்ற கவிஞர் என்பதைச் சொல்லாமல் போனால் தப்பு.

1918 நவம்பர் 18 அன்று ரீகாவின் ஒரு நாடக அரங்கில் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. நாடாளுமன்றக் கட்டடம் ஏது அப்போது? முப்பத்தெட்டு பேர் மேடையில். அந்த நிகழ்வுக்கு இருப்பது ஒரே ஒரு புகைப்படம். பிரகடனம் செய்த அரசு நகரத்தைக்கூட ஆளவில்லை. சில வாரங்களில் செம்படை வந்தது. சோவியத் லாட்வியாவுக்குத் தலைவரானவர் பேதெரிஸ் ஸ்துச்கா, ரைனிஸின் தங்கை கணவர். ஒரே குடும்பத்துச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு லாட்வியாக்கள். 1919 நவம்பர் 11 அன்று பெர்மொண்ட்டின் படையை ரீகாவிலிருந்து துரத்தினார்கள். அந்த நாளுக்கு இன்றும் 'லாச்பிளேசிஸ் தினம்' என்று பெயர், குடியரசின் உயர்ந்த போர்ப் பதக்கத்துக்கும் அதே பெயர். கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் நிஜ ரத்தத்துக்குப் பதக்கம். 1920 ஆகஸ்ட் 11-ல் சோவியத் ரஷ்யாவுடன் சமாதானம்.

போர் காவியத்தின் பெயரில் நடந்தது. சாசனம் எழுத உட்கார்ந்தபோது காவியம் காணாமல் போய்விட்டது. இதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. 1920-ல் ஆண்களும் பெண்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபையில் 150 பேர். ரைனிஸும் அஸ்பாஸியாவும் உறுப்பினர்கள். ஜெர்மானியர், யூதர், ரஷ்யர் எல்லாரும் உள்ளே. இரண்டு கவிஞர்கள் உட்கார்ந்திருந்த சபை கவித்துவமே இல்லாத ஒரு சாசனத்தை எழுதியது, கடவுளுக்கு நன்றி. 1922 பிப்ரவரி 15-ல் நிறைவேறிய அந்தச் சாசனத்துக்கு 'சத்வெர்ஸ்மே' என்று பெயர். 88 பிரிவுகள். முகவுரை இல்லை. பழம்பெருமை இல்லை, எழுநூறு வருஷத் துயரம் இல்லை. முதல் பிரிவு லாட்வியா சுதந்திரமான ஜனநாயகக் குடியரசு என்கிறது. இரண்டாவது, இறைமை லாட்வியாவின் மக்களுக்கு என்கிறது. மூன்றாவது நிலப்பரப்பு, நான்காவது கொடி. அவ்வளவுதான், வேலையை ஆரம்பித்துவிடுகிறது. நான்கு வரித் தைனாவின் சிக்கனம் இது என்றால் மிகையாகப் படலாம். எனக்கு அப்படித்தான் கேட்டது.

குடிமக்களின் உரிமைகளைச் சொல்லும் இரண்டாம் பாகமும் எழுதினார்கள். அது சபையில் தேறவில்லை. அந்தக் குறை 1998-ல்தான் தீர்ந்தது.

ஆட்சி எப்படி நடக்கிறது? 'சய்மா' என்ற ஒரே அவை, 100 உறுப்பினர்கள், விகிதாசாரப் பிரதிநிதித்துவம். இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். ஐந்து சதவீதம் வாங்காத கட்சிக்கு இடமில்லை. பிரதமரும் அமைச்சரவையும் சய்மாவின் நம்பிக்கையில் இருப்பவர்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதும் சய்மாதான், குறைந்தது 51 வாக்கு வேண்டும். இதுவரை நமக்குப் பழகிய கதைதான். பழகாதது 48-ஆம், 50-ஆம் பிரிவுகள். ஜனாதிபதி சய்மாவைக் கலைக்கலாம் என்று முன்மொழியலாம். ஆனால் கலைப்பதா வேண்டாமா என்று மக்கள்தான் வாக்களிப்பார்கள். மக்கள் வேண்டாம் என்றால் சய்மா தப்பித்தது, ஜனாதிபதி வீட்டுக்குப் போக வேண்டும். தன் நாற்காலியைப் பந்தயம் வைத்துத்தான் அடுத்தவன் நாற்காலியை இழுக்க முடியும். தாலுக்குப் பிடித்திருக்கும், ராணியைக் கொடுத்து ஆடுகிற ஆட்டம்.

தொண்ணூறு வருஷம் யாரும் ஆடிப் பார்க்கவில்லை. 2011 மே மாதம் ஊழல் விசாரணை ஒன்றில், ஓர் உறுப்பினரின் வீட்டைச் சோதனையிட சய்மா அனுமதி மறுத்தது. வால்டிஸ் சாட்லெர்ஸ் ஜனாதிபதி; மறுதேர்தலுக்குச் சில நாள்தான் இருந்தது, தேர்ந்தெடுக்க வேண்டியது அதே சய்மா. மே 28 அன்று தொலைக்காட்சியில் தோன்றிக் கலைப்பை முன்மொழிந்தார். ஜூன் 2 அன்று சய்மா அவரைத் தோற்கடித்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. ஜூலை 23 அன்று வாக்களித்தவர்களில் 94 சதவீதத்துக்கு மேல் சய்மாவைக் கலைக்கச் சொன்னார்கள். அவர் பதவி போனது, அவர்களுடைய பதவியும் போனது. 1922-ல் எழுதிய வரி தூங்கி எழுந்து வேலை செய்தது.

முதல் குடியரசுக்குத் திரும்புகிறேன். அதன் நல்ல பக்கம் நமக்கு அதிகம் தெரியாது. 1919 டிசம்பரிலேயே சிறுபான்மையினர் தங்கள் மொழியில் பள்ளிகளை நடத்திக்கொள்ளத் தன்னாட்சி கொடுத்தார்கள். யூதப் பள்ளிகள், ஜெர்மன், ரஷ்ய, போலிஷ், பெலாரஷ்யப் பள்ளிகள் இருந்தன. பவுல் ஷீமான் என்ற பால்டிக் ஜெர்மானியர் சய்மாவில் இருந்தார், பத்திரிகை ஆசிரியர். மதத்தை அரசிலிருந்து பிரித்த மாதிரி இனத்தையும் அரசிலிருந்து பிரித்துவிடலாம் என்று வாதாடியவர். எஜமானர்களின் வம்சத்திலிருந்து வந்து, லாட்வியாவின் மக்களில் ஒருவனாக இருக்கிறேன் என்றவர். ஹிட்லர் வந்தபோது தன் இனத்தாரோடு சேர மறுத்தார். நாஜி ஆக்கிரமிப்பில், நோயில் கிடந்த நிலையிலும், வலென்டீனா ஃப்ரெய்மானெ என்ற இளம் யூதப் பெண்ணைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தார். 1944-ல் அவர் இறந்தார். அவள் பிழைத்து நாடக, சினிமா ஆய்வாளரானாள். லாட்வியாவின் இரண்டாவது பிரிவுக்கு ஒரு முகம் கொடுக்கச் சொன்னால் நான் ஷீமானைத்தான் காட்டுவேன்.

அந்தக் குடியரசு 1934 மே 15 இரவு முடிந்தது. வெளியிலிருந்து யாரும் வரவில்லை. 1918 மேடையில் இருந்த அதே கார்லிஸ் உல்மானிஸ், பிரதமராக இருந்துகொண்டே, சய்மாவைக் கலைத்துச் சாசனத்தை முடக்கினார். கட்சிகள் போயின. சிறுபான்மைப் பள்ளிகளின் தன்னாட்சி போனது. லாட்வியர்களுக்கான லாட்வியா என்ற பேச்சு வந்தது. உருபு உதிர்ந்த நாள் அது. இன்றும் உல்மானிஸ் காலம் பொற்காலம் என்பவர்கள் அங்கே உண்டு, ஏற்றுமதி, வெண்ணெய், ஒழுங்கு என்று. எனக்கு ஒரு கேள்விதான் தோன்றும்: 1940 ஜூனில் சோவியத் டாங்குகள் வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல ஒரு நாடாளுமன்றமாவது இருந்ததா? உல்மானிஸ் வானொலியில் எல்லாரையும் அவரவர் இடத்தில் இருக்கச் சொன்னார். 1942-ல் துர்க்மெனிஸ்தானில் ஒரு சிறையில் செத்தார்.

பிறகு நடந்ததை வேகமாகத்தான் சொல்ல முடிகிறது. 1941 ஜூன் 14-ல் சுமார் 15,000 பேரைச் சைபீரியப் பக்கம் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் ஜெர்மானியர்கள் வந்தார்கள். அந்த ஆக்கிரமிப்பில் சுமார் 70,000 லாட்விய யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ரீகாவுக்கு வெளியே ரும்புலா காட்டில் மட்டும் இரண்டே நாளில் 25,000 பேர் வரை. சுட்டவர்களிலும் சுற்றி நின்று காவல் காத்தவர்களிலும் லாட்வியர்கள் இருந்தார்கள். தேசியப் பிரதிகளைப் பற்றி எழுதுகிறவன் இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது. 1944-ல் சோவியத் மறுபடி வந்தது. 1949 மார்ச் 25-ல் தொடங்கிச் சில நாளில் இன்னொரு 42,000 பேர் நாடுகடத்தப்பட்டார்கள். அடுத்த நாற்பது வருஷத்தில் தொழிற்சாலைக்கும் ராணுவத்துக்கும் என்று ஒன்றியத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வந்து குடியேறினார்கள். 1935-ல் நாட்டில் முக்கால் பங்காக இருந்த லாட்விய இனத்தார் 1989-ல் 52 சதவீதம்.

இந்த எண்ணைப் பார்த்தால் அவர்களுடைய பயம் புரிகிறது. புரியாமல் பேசுவது சுலபம்.

பயத்தை அவர்கள் பாடித் தீர்த்தார்கள். 1873-ல் தொடங்கிய பாட்டுத் திருவிழா சோவியத் காலத்திலும் நடந்தது, லெனின் பாட்டோடு. 1985 விழாவில் 'ஒளிக் கோட்டை' என்ற பாட்டை நிரலிலிருந்து எடுத்திருந்தார்கள். மூழ்கிப் போன கோட்டை ஒருநாள் எழும் என்ற கதையைச் சொல்வது அது. பாடகர்கள் விடவில்லை. ஹரால்ட்ஸ் மெத்னிஸ் என்ற முதிய நடத்துநரை மேடையேற்றிப் பாடியே தீர்த்தார்கள். 1988-ல் லாச்பிளேசிஸ் ராக் ஆபராவாக வந்து அரங்கங்களை நிறைத்தான். 1989 ஆகஸ்ட் 23-ல் மூன்று பால்டிக் நாடுகளின் குறுக்கே மனிதச் சங்கிலி.

1990 மே 4. சுதந்திரத்தை மீட்கும் பிரகடனம். அதில் சத்வெர்ஸ்மேயின் நான்கு பிரிவுகளுக்கு மட்டும் உடனே உயிர் கொடுத்தார்கள்: 1, 2, 3, 6. மற்றவை காத்திருக்கட்டும் என்றார்கள். அதாவது சாசனம் கண் விழித்தபோது முதலில் சொன்ன சொற்களில் 'லாட்வியாவின் மக்கள்' இருந்தது. 1991 மார்ச்சில் சுதந்திரம் வேண்டுமா என்று மக்களிடம் கேட்டார்கள். குடியேறி வந்தவர்களும் வாக்களித்தார்கள். எழுபது சதவீதத்துக்கு மேல் ஆம். ரஷ்ய மொழி பேசுபவர்கள் பலரும் ஆம் போடாமல் அந்த எண் வந்திருக்காது.

வென்ற பிறகு சட்டம் ஒரு கேள்வி கேட்டது. இது புது நாடா, பழைய நாடா? பழைய நாடுதான், 1918-ல் பிறந்தது, நடுவில் இருந்தது வெறும் ஆக்கிரமிப்பு என்றது லாட்வியா. 1993-ல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்துக்கு ஐந்தாவது சய்மா என்று எண் போட்டார்கள். நான்காவது 1931-ல் தேர்ந்தெடுக்கப்பட்டது! அறுபது வருஷ இடைவெளியை ஒரே எண்ணால் தாண்டிய அந்த அழகை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு விலை இருந்தது. பழைய நாடு என்றால் பழைய குடிமக்கள். 1940-ல் யார் குடிமக்களோ அவர்களும் அவர்கள் வாரிசுகளும்தான் குடிமக்கள். கவனியுங்கள், இது இனக் கணக்கு இல்லை. பழைய குடியரசின் ரஷ்யரும் யூதரும் போலிஷ்காரரும் தானாகவே உள்ளே வந்தார்கள். வெளியே நின்றவர்கள் 1940-க்குப் பின் வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். ஏழு லட்சம் பேர் வரை. 1995-ல் அவர்களுக்கென்றே ஒரு சட்டம், ஒரு தனிக் கடவுச்சீட்டு, 'நெபில்சோனி' என்று ஒரு பெயர். நேரடிப் பொருள்: குடிமகன்-அல்லாதவன்.

சட்டத் தர்க்கம் சரியானது. திருடிக்கொண்டு போன வீடு திரும்பக் கிடைக்கும்போது, திருடன் குடிவைத்தவருக்குப் பத்திரத்தில் ஏன் பங்கு என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் ரீகாவில் பிறந்து ரீகாவிலேயே பள்ளிக்குப் போய், 1991-ல் சுதந்திரத்துக்கு வாக்களித்துவிட்டு, அடுத்த தேர்தலில் வாக்கில்லை என்று நின்றவரிடம் இந்தத் தர்க்கத்தைச் சொல்லிப் பாருங்கள். மொழித்தேர்வு எழுதிக் குடிமகனாகலாம், வழி இருந்தது, பலர் ஆனார்கள். பலர் ஆகவில்லை. பிறந்த ஊரில் எதுக்குப் பரீட்சை என்ற ரோஷம் ஒரு பக்கம், சோம்பல் ஒரு பக்கம், மாஸ்கோ தொலைக்காட்சி ஒரு பக்கம். புகுந்த வீடு உவமையை இங்கே நானும் ரொம்ப இழுக்கக் கூடாது. பெண் கேட்டு வந்தவர்கள் இல்லை இவர்கள், டாங்குக்குப் பின்னால் வந்தவர்கள் என்று ஒரு லாட்வியர் சொன்னால் அதை மறுக்க முடியாது. ஆனால் டாங்கு ஓட்டியவனின் பேத்தி டாங்கு ஓட்டவில்லை.

2012-ல் ரஷ்ய மொழியை இரண்டாவது ஆட்சிமொழியாக்கக் கோரி வாக்கெடுப்பு நடந்தது. முக்கால் பங்கினர் வேண்டாம் என்றார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் சாசனத்துக்கு முகவுரை வேண்டும் என்ற பேச்சு சூடானது. வரைவு எழுதியவர் எகில்ஸ் லெவிட்ஸ், அப்போது ஐரோப்பிய நீதிமன்றத்தின் நீதிபதி. 2014 ஜூன் 19-ல் சய்மா அதை ஏற்றது. 1922 மனிதர்கள் சொல்லாமல் விட்ட எல்லாம் அதில் வந்துவிட்டது: லாட்விய இனத்தின் அசைக்க முடியாத விருப்பம், மொழி, பண்பாடு, பழங்கால மரபு, கிறித்தவ மதிப்பீடுகள், விடுதலைப் போர், அந்நிய ஆட்சிகளின் கொடுமை. சிறுபான்மையினரை மதிப்பதாகவும் ஒரு வரி இருக்கிறது. மோசமான உரைநடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 88 பிரிவுகளின் வறண்ட, கறாரான குரலுக்கு மேலே பும்புர்ஸின் காவியத்தைக் கொண்டுவந்து ஒட்டிய மாதிரி இருக்கிறது. இரண்டாம் பிரிவு இப்போதும் லாட்வியாவின் மக்களுக்கு என்றே சொல்கிறது. வாசலில் மட்டும் வேறு பலகை.

பாட்டை ஒழுங்காகப் படித்த ஒருவர் அந்த நாட்டுக்கு ஜனாதிபதியாகவே இருந்தார் என்பதுதான் இதில் வேடிக்கை. வைரா வீக்கே-ஃப்ரைபெர்கா. குழந்தையாகப் போர் அகதியாகி ஜெர்மனி, மொராக்கோ வழியாகக் கனடா போய் மாண்ட்ரியாலில் உளவியல் பேராசிரியரானவர். தைனாக்களின் சூரியப் பாடல்களைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தவர். 1999-ல் நாடு திரும்பிய கொஞ்ச காலத்திலேயே சய்மா அவரை ஜனாதிபதியாக்கியது; எட்டு வருஷம் இருந்தார். அவரே வேறு வீடுகள் பல புகுந்து வந்த பெண். அவர் காலத்திலும் நெபில்சோனி கணக்கு மெதுவாகத்தான் குறைந்தது.

இப்போது அது மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிட்டது. இறந்தவர்கள் பலர், குடிமக்களானவர்களும் வேறு கடவுச்சீட்டு வாங்கியவர்களும் பலர். ஆனால் நெபில்சோனி வீட்டில் பிறக்கும் குழந்தை, பெற்றோர் கேட்காவிட்டால் நெபில்சோனியாகவே பதிவாகிக்கொண்டிருந்தது. 2017-ல் ஒரு ஜனாதிபதி இதை மாற்றப் பார்த்தார், சய்மா ஏற்கவில்லை. 2019-ல் அடுத்த ஜனாதிபதி மறுபடி மசோதாவை அனுப்பினார். அக்டோபர் 17-ல் நிறைவேறியது. 2020 ஜனவரி 1 முதல், பெற்றோர் வேறு நாட்டுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், அந்தக் குழந்தைகள் பிறக்கும்போதே லாட்வியாவின் குடிமக்கள். எண்ணிக்கையில் பார்த்தால் மிகக் கொஞ்சம் பேர். மசோதா அனுப்பியவர் எகில்ஸ் லெவிட்ஸ், முகவுரை எழுதிய அதே ஆள்.